பெயர் எழுதாத அறை

தசரா யானைகள் லாரியேறி முகாம்களுக்குத் திரும்பிய வாரத்தில்தான் அவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். கிழமை திங்கள். இதை உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் வேலை. கட்டிட வரைபடங்கள் ஒவ்வொன்றும் மூன்று நான்கு பதிப்புகளாக வரும். எது பழையது, எது புதியது, பழையதை வைத்துக்கொண்டு யார் இன்னும் வேலை செய்கிறார்கள் என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பவன் நான். மனிதர்களையும் அதேபோலத் தேதியோடு நினைவில் வைக்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மைசூர் குவெம்புநகரில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம். இன்னும் கட்டாத கட்டிடங்களை அளந்து, கட்டினால் எவ்வளவு ஆகும் என்று சொல்வது எங்கள் தொழில். ஆர்க்கிடெக்டுகள் கட்டிடத்தை முழுசாகக் கணினிக்குள் எழுப்பி அனுப்புவார்கள். அதற்கு மாடல் என்று பெயர். அதைத் திருப்பிப் பார்க்கலாம், உள்ளே நுழைந்து நடக்கலாம், ஒரு மாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்க்கலாம். அதிலிருந்து செங்கல் எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு, டைல்ஸ் எவ்வளவு என்று எடுப்பதற்குத்தான் அவர் வந்தார்.

நாற்பதை ஒட்டிய வயது. கொள்ளேகாலைத் தாண்டி, கௌதள்ளிப் பக்கம் சொந்த ஊர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயதில் மூத்த நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அறைகளுக்குப் பெயர் எழுதுவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மாடலில் சுவர், தூண், கதவு, ஜன்னல் எல்லாம் தனித்தனிப் பொருள்கள். கணினி தானாகவே அவற்றை எண்ணிவிடும். ஆனால் தரை டைல்ஸ், உள்பூச்சு, பெயின்ட், விளக்கு, மின்விசிறி இவையெல்லாம் அறையின் பெயரை வைத்துத்தான் கணக்கில் வரும். படுக்கையறை என்று எழுதினால் அதற்கு உரிய தரை வந்து சேரும், குளியலறை என்று எழுதினால் அதற்கு உரியது. பெயர் எழுதாத இடம் கணினிக்கு வெறும் காற்று. நாலு பக்கமும் சுவர் நின்றாலும் அங்கே தரை இருக்காது, விளக்கு இருக்காது.

ஆர்க்கிடெக்டுகள் அவசரத்தில் சில இடங்களுக்குப் பெயர் எழுதாமல் விட்டுவிடுவார்கள். மாடிப்படிக்கு அடியில், லிஃப்டுக்கு முன்னால், இரண்டு அறைகளுக்கு நடுவே மிஞ்சிப்போன மூலை. இங்கே இருந்த மற்றவர்கள் அதற்கெல்லாம் ‘பாசேஜ்’ என்று ஒரே பெயரைத் தட்டிவிட்டு வேலையை முடிப்பார்கள். அக்கா அப்படிச் செய்யமாட்டார். அந்த மூலையைத் திரையில் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் பார்ப்பார். அங்கே யார் வந்து நிற்பார்கள், எதற்கு நிற்பார்கள் என்று யோசிப்பார். பிறகு எழுதுவார். எழுதுவது ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். ‘ஈரக் குடை வைக்கும் இடம்.’ ‘செருப்பைத் தேடும் இடம்.’ ‘லிஃப்ட் வராமல் கோபப்படும் இடம்.’

கடைசியாகச் சொன்னது ஒரு பெரிய அடுக்குமாடியின் மதிப்பீட்டில் அப்படியே அச்சாகிப் போய்விட்டது. பெங்களூர் ஆர்க்கிடெக்ட் போன் செய்தார். எங்கள் முதலாளி கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்தே பேசுவார். போனை வைத்துவிட்டு அக்காவின் மேஜைக்கு வந்தார்.

“ஏனக்கா இது? கோபப்படற இடம்னு எழுதி அனுப்பிட்டீங்க. அவரு சிரிக்கறாரா திட்டறாரா எனக்கே புரியலை.”

“வழுக்காத டைல்ஸ் வேணும் சார் அங்க. கோவத்துல கால உதைப்பாங்க.”

“அப்போ பாசேஜ்னு போட்டுட்டு அந்த டைல்ஸையே போடுங்களேன்.”

“பாசேஜ்னா நடந்து போய்ட்டே இருப்பாங்கன்னு அர்த்தம் சார். இங்க நிக்கறாங்க. நின்னா செவுத்துல சாய்வாங்க. சாஞ்சா பெயின்ட் அழுக்காகும். கழுவற மாதிரி பெயின்ட் வேணும்.”

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் திரையைப் பார்த்தோம். “ஹோக்லி பிடி, போகட்டும் விடுங்க” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அனுப்புவதற்கு முன்னால் பெயர்களைச் சாதாரணமாக மாற்றிவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அந்த மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஆகவே அவர் எழுதிய பெயர்களை முழுசாகப் படித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் மாடல் வந்தபோது, பிரசவ அறைக்கு வெளியே தூணுக்குப் பின்னால் மிஞ்சிய இடத்துக்கு ‘புருஷன் நகம் கடிக்கும் இடம்’ என்று எழுதியிருந்தார். நான் அதைக் ‘காத்திருக்கும் இடம்’ என்று மாற்றினேன். அதனால் அந்த இடத்துக்கு ஒரு மின்விசிறியும் இரண்டு பெஞ்சும் கணக்கில் ஏறின. ஆர்க்கிடெக்ட் கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரி இப்போது நடக்கிறது. என் மருமகள் பிரசவத்தின்போது அந்தத் தூணுக்குப் பின்னால்தான் என் மகன் உட்கார்ந்திருந்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவரைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு. மின் வேலைகளைக் கணக்கெடுக்கும் பையன் ஒருவன் அவர் மேஜையில் கையை ஊன்றி நிற்பான். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்று வளர்ந்தவன்.

“அக்கா, நான் நிக்கறனே, இந்த ஜாகாக்கு என்ன பேரு?”

“வேலை இல்லாதவன் ஓய்வெடுக்கும் இடம்.”

“டைல்ஸ் உண்டா?”

“முள்ளு.”

சிரிக்காமல் சொல்வார். சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பிவிடுவார். அந்தத் திரும்புதலில் ஒரு முடிவு இருக்கும். அதற்கு மேல் யாரும் பேச்சை வளர்க்கமாட்டார்கள். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது அவர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார். “ஊட்டா ஆய்த்தா அக்கா, சாப்பாடு ஆச்சா, இங்க வந்து உக்காருங்க” என்று முதலாளி தினமும் கூப்பிடுவார். “ஆய்த்து சார், ஆய்த்து” என்பார், பாதி டப்பா மிச்சம் இருக்கும்போதே.

அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார். கொரோனா அடைப்புக் காலத்தில், அலுவலகக் கணினிகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னபோது, அவருடையதைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் ஸ்கூட்டரில் போனேன். வீட்டுக்காரர்கள் கீழே, மேலே ஏற வெளிப்புறமாக இரும்புப் படி. ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் கட்டில், நடுவில் மேஜை. நாற்காலி ஒன்றுதான். என்னை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

“இங்க யாரும் வர்றதில்ல சார். அதான் ஒரே சேர்.”

இந்த அறைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அறையைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

“வாடகை ரூம்தான? யாரோ வந்து இருந்துட்டுப் போறது. நாம பேரு வெச்சா அடுத்து வர்றவங்களுக்கு இடைஞ்சல்.”

காபி கொடுத்தார். அவருக்கு வேறு டம்ளர் இல்லாததால் நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார் என்பது படியிறங்கும்போதுதான் புரிந்தது.

அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அப்பா அம்மா இல்லை. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரே அண்ணன், கௌதள்ளியில் விவசாயம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவார். போய்விட்டு மறுநாளே திரும்பிவிடுவார். “ரெண்டு நாள் இருந்துட்டு வரக்கூடாதா” என்றால், “அங்க ரெண்டே ரூம் சார், அண்ணனுக்குப் புள்ளைங்க பெரிசாய்ட்டாங்க” என்பார். சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போகிற வழியில் பாய் போட்டுப் படுப்பாராம். விடிகாலையில் அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும்போது அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த அண்ணன்தான் அடைப்பெல்லாம் தளர்ந்த அடுத்த வருஷம் வீடு கட்ட முடிவு செய்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்த வீடு. கொள்ளேகாலில் ஒரு இன்ஜினியர் பேப்பரில் பிளான் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா அதை வாங்கிவந்து, மதிய நேரங்களில் அவரே கணினியில் மாடலாக எழுப்பினார். அப்போதுதான் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தேன், ஒரு கையில் மவுஸோடு.

கீழே கூடம், சமையல், அண்ணன் அண்ணி அறை, சாமி அறை. மேலே மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, நடுவில் ஒரு சின்னக் கூடம். வடக்குப் பக்கம் இன்னொரு அறை. ரோட்டைப் பார்த்த ஜன்னல். அந்த அறைக்குப் பிளானில் பெயர் இல்லை.

அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. “அது உங்க ரூம்தான் அக்கா, இன்னும் என்ன பார்த்துட்டு இருக்கீங்க” என்றான் மின்கணக்குப் பையன். “லைட் பாயின்ட் நான் போட்டுத் தரேன். படிக்கறதுக்கு ஒண்ணு, தலைமாட்டுல ஒண்ணு.”

“அண்ணன் சொல்லட்டும்.”

“போன் பண்ணிக் கேளுங்க.”

அவர் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. கொள்ளேகால் இன்ஜினியருக்குச் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். “அவரு ஒண்ணும் சொல்லலீங்க மேடம், இன்னொரு ரூம் வேணும்னாருங்க, அவ்ளோதானுங்க” என்று அந்தக் குரல் சொன்னது எனக்கும் கேட்டது.

மற்ற அறைகளையெல்லாம் அவர் அலங்கரித்தார் என்றே சொல்லலாம். அண்ணிக்குச் சமையல் மேடையின் உயரத்தைக் குறைத்தார், அண்ணி குள்ளம். மகள் அறையில் கண்ணாடி மாட்டும் சுவருக்கு நல்ல வெளிச்சம் விழுமாறு விளக்கின் இடத்தை மாற்றினார். மாடிப்படி திரும்புமிடத்துக்கு ‘அண்ணன் மூச்சு வாங்கும் இடம்’ என்று எழுதி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி சேர்த்தார். வடக்கு அறை மட்டும் அப்படியே கிடந்தது. திரையில் மற்ற அறைகளுக்கெல்லாம் நிறம் வந்துவிட்டது, அது மட்டும் வெள்ளையாக இருந்தது. வாரக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மதியம் நான் கேட்டேவிட்டேன். ஊரில் இருக்கும் ஒவ்வொரு மூலைக்கும் கேட்காமல் பெயர் வைக்கிறீர்கள், இதற்கு வைத்தால் என்ன?

“அதெல்லாம் மத்தவங்க வீடு சார். அங்க நான் எழுதலாம். இது எங்க வீடு.” வெள்ளை அறையைப் பார்த்தபடியே சொன்னார்: “நானே எழுதிட்டு, அப்புறம் அவங்க வேற நெனச்சிருந்தா?”

ஆடி முடிந்ததும் வேலை தொடங்க வேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்தினார். அப்போதுதான் அக்கா அவரோடு போனில் பேசினார். ஊர்க்காரர்களிடம் பேசும்போது அவருடைய தமிழே மாறிவிடும், குரலும் இளசாகிவிடும்.

“பாத்துட்டண்ணா… எல்லாம் போட்டுட்டன்… மேல மூணு ரூமு இருக்குதல்ல, அதுல ஏதாச்சும் மாத்தோணுமா?” கேட்டுக்கொண்டிருந்தார். “செரி… செரிண்ணா. அப்படியே அனுப்பீர்றன்.”

போனை வைத்தார். “நீ எப்படிப் போட்டாலும் சரிதான்கறாரு” என்றார் என்னிடம். அன்று சாயங்காலமே மதிப்பீடு அண்ணனின் செல்போனுக்குப் போய்விட்டது. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அக்கா இப்போது எங்கள் அலுவலகத்தில் இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். அங்கே அறைகளுக்குப் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே இருக்குமாம், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆயுதபூஜைக்கு ஒரு வாழ்த்து அனுப்புவார். நான் பதில் அனுப்புவேன். எங்கள் தொடர்பு அந்த அளவில் நிற்கிறது. கௌதள்ளி வீட்டைப் பற்றி அவர் எழுதுவதில்லை. நானும் கேட்பதில்லை. அந்த வீட்டை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன், வைகாசி மாதத்துப் புதுமனை புகுவிழா அன்று.

அக்கா முந்தைய நாளே போய்விட்டார். அலுவலகத்திலிருந்து நான் மட்டும் போனேன். கொள்ளேகாலில் பஸ் மாறி, போய்ச் சேரும்போது சடங்கெல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்கா பட்டுப்புடவையில் இலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “சாப்பிட்டு மேல வாங்க சார், வீட்டைச் சுத்திக் காட்டறேன்” என்றார். அதுவரை அவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வேலை நடந்த மாதங்களில் அண்ணன் குடும்பமே ஒற்றை அறை வாடகையில் இருந்ததால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் ஊருக்குப் போகவில்லை. முந்தைய நாள் இரவு வந்ததிலிருந்து காய் நறுக்கவும் இலை துடைக்கவும் ஆள் போதவில்லை.

மூன்று மணி வாக்கில் கூட்டம் குறைந்தது. அண்ணனும் எங்களோடு வந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி. படி திரும்புமிடத்தில் கம்பியைப் பிடித்து நின்று, “இது என்ற தங்கச்சி போட்டதுங்க” என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். மகன் அறை பளபளத்தது. மகள் அறையில் விளக்கின் வெளிச்சம் சரியான இடத்தில் விழுந்தது. அக்கா வடக்கு அறையின் கதவைத் திறந்தார்.

உள்ளே செங்கல் தெரிந்தது. பூச்சு இல்லை. தரை வெறும் கான்கிரீட். மேலே மின்விசிறிக்குக் கொக்கிகூட இல்லை. சமையலுக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்களும் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு பக்கமாகக் கிடந்தன. ஜன்னல் மட்டும் அழகாக, கண்ணாடி போட்டு, பெயின்ட் அடித்து இருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றார்.

“ஏனம்மிணி,” என்றார் அண்ணன், “இந்த ரூம மட்டும் ஏன் இப்படி உட்டுட்ட? மேஸ்திரி கேட்டாரு, இதுக்குத் தரை இல்லீங்களான்னு. என்ற தங்கச்சி போட்ட கணக்கு, அவ தப்பாப் போட மாட்டா, அதுல இருக்கறதை மட்டும் செய்யுன்னுட்டன்.”

“இது யாருக்குன்னு நீ சொல்லலியேண்ணா.”

“சொல்றதுக்கு என்ன இருக்குது? உனக்குத்தான். வேற யாருக்கு?” அவர் என்னைப் பார்த்தார், சாட்சிக்குக் கூப்பிடுவது போல. “உன்ற ரூமுக்கு என்ன வேணும்னு நீதான எழுதோணும். நான் எழுதுனா நல்லாருக்குமா? ஒண்ணுமே எழுதாம அனுப்பிச்சிருந்த. செரி, அம்மிணிக்கு மைசூருதான் புடிச்சுப்போச்சு, இங்க வந்து இருக்க மனசில்ல போலன்னு உன்ற அண்ணிகிட்டக் கூடச் சொன்னன். ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு.”

அக்கா கையிலிருந்த சாவிக்கொத்தை இன்னொரு கைக்கு மாற்றினார்.

“இப்ப என்ன, அடுத்த வெள்ளாமை வரட்டும், போட்டரலாம்” என்றார் அண்ணன். கீழிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “வந்துட்டன்” என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

“ஜன்னல் தானா எண்ணிக்கும் சார்” என்றார் அக்கா.

நாங்கள் கீழே வந்தோம். சாயங்காலக் காபி கொடுத்தார்கள். வெளியூர் உறவினர்கள் நிறையப் பேர் தங்கப்போகிறார்கள். எந்த அறையில் யார் என்று அண்ணி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா துணிப்பையைத் தோளில் மாட்டியபடி ஓரமாக நின்றார். என்னோடு பஸ் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“நீ எங்க வேணும்னாலும் படுத்துக்க கண்ணு,” என்றார் அண்ணி, கையில் தலையணைகளோடு, நல்ல மனசோடுதான். “கூடத்துல எடமிருக்குது. உன்ற வூடு, உன்னைய யாரு கேக்கறது.”

அக்கா தலையாட்டினார். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாய்களில் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்தார். “பாத்துப் போங்க சார், கொள்ளேகால்ல மைசூர் பஸ் உடனே இருக்கும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். நான் போய் நிற்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. வீடு முழுவதும் சீரியல் பல்பு. கீழும் மேலும் ஒவ்வொரு ஜன்னலிலும் புது விளக்கின் வெள்ளை வெளிச்சம், உள்ளே ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். வடக்கு ஜன்னல் ஒன்றுதான் கறுப்பாக இருந்தது. துடைப்பத்தின் சத்தம் ரோடுவரை கேட்காது. ஆனாலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னலுக்குள் சின்ன வெளிச்சம் ஒன்று வந்தது. செல்போன் டார்ச். அது பூசாத செங்கல்மேல் மெதுவாக நகர்ந்தது. தலைமாட்டில் விளக்கு வரக்கூடிய உயரத்தில் நின்றது. அங்கிருந்து மேலே ஏறி, விசிறி தொங்கக்கூடிய இடத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கித் தரைமேல், அங்குலம் அங்குலமாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகத் தொடங்கியது. கொள்ளேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றபோதும் அது போய்க்கொண்டுதான் இருந்தது.